'தெரியவே இல்லை' என்பது பாராட்டா?

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



"நீங்கள் திருநங்கை என்று தெரியவே இல்லை!" பேட்டி காண்பவர் இதைப் பாராட்டாகவே சொல்கிறார். ஆனால் அப்பாராட்டினுள் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது: தெரியாதவரைப் பெண்ணாக ஏற்போம், தெரிந்துவிடுபவரை ஏற்கமாட்டோம். பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் பெண்ணாகவோ ஆணாகவோ கடந்து செல்லும் இந்நிலையையே 'பாஸிங்' என்கின்றனர்.

1991இல் வெளிவந்த 'சடக்' என்னும் இந்திப் படத்தில் மகாராணி, பார்த்தவுடன் அச்சமூட்டும் கொடியவர்; விபச்சார விடுதி நடத்துபவர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த 'சண்டிகர் கரே ஆஷிகி' படத்தின் மான்வி கண்ணியமானவர், இது முன்னேற்றமே. ஆயினும் அப்பாத்திரம் திருநங்கை ஒருவருக்கு அளிக்கப்படவில்லை. மான்வி உண்மையைச் சொன்னதும் காதலன் தான் ஏமாற்றப்பட்டதாகக் கொதிக்கிறான். கதை அவனது அதிர்ச்சியைச் சுற்றியே நகர்கிறது. தெரிந்தால் அருவருப்பு, தெரியாவிட்டால் ஏமாற்று என்ற பழி. பிறகு திருநங்கை எங்கே நிற்பது?

தெரியாதிருப்பதற்கு விலையும் உண்டு. ஹார்மோன் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, முடி நீக்கம் ஆகியவை கடைகளில் கை நீட்டிப் பிழைப்பவருக்கு எளிதில் எட்டுபவை அல்ல. வர்க்க ஏற்றத்தாழ்வு இங்கும் வேலை செய்கிறது.

2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களுக்கு வேலை அளித்தது. ஊடகங்கள் கொண்டாடின. சில வாரங்களிலேயே அவர்களுள் சிலர் வேலையை விட்டு விலகினர். காரணம், வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை.

அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்று 2014ஆம் ஆண்டு நல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஆண் அல்லது பெண் என்று சான்றிதழ் பெற அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவச் சான்றைக் கேட்டது. உடலைப் பார்த்தே அங்கீகரிப்போம் என்ற திரைப்படப் பார்வையே சட்டத்திலும் இடம்பெற்றது.

தோழர்களே, நம் ஏடுகளும் இக்குறையிலிருந்து விடுபடவில்லை. திருநங்கையின் பழைய பெயரையும் பழைய புகைப்படத்தையும் தேடுவதை நிறுத்துவோம். தோற்றம் எவ்வாறிருப்பினும் உரிமை ஒன்றே என எழுதுவோம். நாளை உங்கள் கிளைக்கு ஒரு திருநங்கைத் தோழர் வந்தால், அவர் அழகைப் புகழ வேண்டாம். குடியிருக்க வீடு கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லையெனில் அவருடன் சென்று வீடு தேடுங்கள்.