க்ஷமையும் மௌனமும்

(தசலட்சண பர்வத்தின் முதல் நாளில் ஜினாலயத்தில் ஆற்றிய உரை)



பத்து அறங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. வாய்மூடிப் பொறுத்திருத்தலே க்ஷமை என்று பலர் கருதுகின்றனர். நம் ஆசாரியர்கள் அவ்வளவில் நிறுத்தவில்லை.

குரோதத்தை அவர்கள் நால்வகைக் கோடுகளாக விளக்கினர். நீரில் கீறிய கோடு போன்ற சினத்தின் வாசனை ஓர் அந்தர்முகூர்த்தத்துள், அதாவது 48 நிமிடங்களுக்குள் அகலும். மணற்கோடு போன்றது 15 நாள் நிற்கும். மண்ணில் கீறியது 6 திங்கள் நிற்கும். கல்லில் கீறியதோ பிறவிதோறும் தொடர்ந்து நற்காட்சியையே மறைக்கும்.

ஆதலின், சினம் எழுந்த பொழுதில் வசனகுப்தியே காப்பு. அப்பொழுது கூறும் சொல் கேட்பவரையும் கூறுபவரையும் சுடும். உள்ளம் தணிந்தபின் பாஷாசமிதி வழிகாட்டும். நன்மை பயப்பதாய், அளவுடையதாய், இனியதாய் மனக்குறையை உரியவரிடமே உரைத்தல் வேண்டும். உரைக்காமல் உள்ளே வைத்து முகத்தில் சிரிப்பைக் காட்டினால் அது க்ஷமை ஆகாது. மாயை என்னும் மற்றொரு கஷாயமாகும்.

பாகுபலி சுவாமிகள் ஓராண்டு அசையாது யோகத்தில் நின்றார். கொடிகள் அவர் மேனியில் படர்ந்தன. எனினும், தம்மால் பரதன் வருந்த நேர்ந்ததே என்னும் ஒரு நினைவு உள்ளத்தில் எஞ்சியிருந்தது என்று ஜினசேனாசாரியாரின் ஆதிபுராணம் கூறுகிறது. பரதனே வந்து வணங்கிய பொழுது அந்நினைவு அகன்றது, கேவலஞானம் தோன்றியது. அத்துணைப் பெருந்தவத்திலும் தங்கிய ஒன்று, உடன்பிறந்தவர் நேரில் வந்தபின் நீங்கியது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்றும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். வீட்டில் துன்புறும் மருமகளையோ, முதுமையில் புறக்கணிக்கப்படும் தாயையோ நோக்கி, “நீ பொறுத்துக்கொள், நம் தருமம் அதுதான்” என்று கூறுதல் தகாது. பொறை என்பது தாமே மேற்கொள்ளும் அறம். அதனைப் பிறர்மீது சுமத்தி அவர் வாயை அடைத்தல் இம்சையாகும். துன்புறுவோர் மூத்தோரிடம் தம் நிலையை எடுத்துரைப்பதில் பிழையில்லை. முனிவர்களும் தம் குற்றங்களை மறைக்காது குருவிடம் ஆலோசனை செய்கின்றனர் அல்லவா? பிராயச்சித்தங்களுள் முதலில் வைக்கப்பட்டது அதுவே.

இப்பர்வத்தின் நிறைவில் க்ஷமாவணி வருகிறது. அன்று எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்பு வேண்டுகிறோம். நிலப் பாகத்தாலும் திருமணப் பேச்சாலும் பிரிந்த அண்ணன் தம்பியர் வாயிலுக்கு மட்டும் செல்வதில்லை. பிணக்கில்லாதவரிடம் மன்னிப்புக் கேட்பது எளிது. இவ்வாண்டு அந்த ஒரு வாயிலுக்கு முதலில் செல்வோம். வருத்தம் இருப்பின் வைதலின்றிக் கூறுவோம். அவர் கூறுவதையும் இடைமறியாது கேட்போம். 6 திங்கள் கடந்த பகையாயினும், கல்லாக இறுகும் முன்னர் அழித்துவிடலாம்.

அறம் வளர்க! ஜினதருமம் வாழ்க!