ஓட்டக்காரரின் கெண்டைக்காலும் ஒரு சிறுநீரகக் கட்டியும்



ஆண்டுதோறும் மழைக்காலத்தில், ஒரு ஞாயிறு விடியும் முன்பே ஹைதராபாத் நெக்லஸ் ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிடும். உசேன் சாகர் கரையிலிருந்து மாரத்தான் புறப்படுகிற நாள் அது. மேம்பாலங்களில் ஏறி இறங்கி, கச்சிபௌலி வரை ஓட வேண்டும். அப்படி ஓடுகிற ஒருவரின் கெண்டைக்கால் தசைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

மேடேறும்போது தசை கேட்கிற அளவுக்கு ஆக்ஸிஜன் வந்து சேர்வதில்லை. உடனே அங்கே 'ஹிஃப்' என்ற புரதம் சேர்கிறது. செல்லின் உட்கருவுக்குள் போய்த் தூங்கிக்கிடந்த மரபணுக்களை எழுப்புகிறது. புது ரத்தக் குழாய் கிளைக்கட்டும் என்று ஒரு மரபணு சொல்கிறது. சர்க்கரையை வேகமாக எரி என்கிறது இன்னொன்று. மரபணு வெளிப்பாடு என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். ஓட்டக்காரர் நின்று மூச்சு வாங்கியதும் ஆக்ஸிஜன் திரும்புகிறது. வி.எச்.எல். என்ற வேறொரு புரதம் ஹிஃபைப் பிடித்து அழிக்க அனுப்பிவிடுகிறது. தசை அமைதியாகிறது.

இப்போது சிறுநீரகத்துக்கு வருவோம். அங்கே வரும் புற்றுநோய்களில் மிக அதிகம் காணப்படும் வகையில், பெரும்பாலான கட்டிகளில் இந்த வி.எச்.எல். மரபணு கெட்டுப்போயிருக்கிறது. 1993-இல் கண்டறியப்பட்ட மரபணு அது. அது கெட்டால் ஹிஃபை அழிக்க ஆளில்லை. ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தாலும், மேடேறும் தசையைப் போலவே அந்தச் செல் ஓயாமல் ரத்தக் குழாய் கேட்டுக்கொண்டிருக்கும். செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஓடுவது ஆபத்தா? இல்லை. தசையில் எழும் ஹிஃப் ஓய்வெடுத்ததும் அடங்கிவிடுகிறது. 14 லட்சத்து 40 ஆயிரம் பேரின் தகவல்களைத் திரட்டி 2016-இல் வெளியான ஆய்வில், உடலை நன்றாக இயக்கியவர்களிடம் சிறுநீரகப் புற்றுநோய் 23 சதவீதம் குறைவாக இருந்தது. புகை, உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம் மூன்றும் இந்த நோயின் வாசல்கள். பின்னிரண்டையும் நடை குறைக்கிறது. நம் குன்னூரில் 1918-இல் பிறந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும், 2024 மே மாதம் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களில் தொப்பை விழாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்கிறது.

ஆனால் கெட்டுப்போன வி.எச்.எல். மரபணுவை எந்த நடையும் சரிசெய்யாது. நடந்தால் கட்டி கரையும் என்று சொல்கிறவர்கள் நோயாளியின் நாட்களைத் திருடுகிறார்கள். கட்டிக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது, மருந்துகள் இருக்கின்றன. ஹிஃபின் ஒரு வகையையே தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு 2021-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஓடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெடுந்தூரம் ஓடியபின் சிறுநீரில் ரத்தம் தெரிவதுண்டு. பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் நின்றும்விடும். சிறுநீரகக் கட்டியும் இப்படித்தான், வலியே இல்லாமல், ஒருமுறை ரத்தம் காட்டிவிட்டு மறைந்துகொள்ளும். நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டத்தால் வந்ததா, கட்டியால் வந்ததா என்பதை ஒரு மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும்.