வட்டியில்லாத் தவணையா? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வீட்டுச் சாமான்களை ரொக்கத்தில்தான் வாங்க வேண்டுமா, தவணையில் வாங்கினால் மார்க்கத்தில் குற்றமா என்று பலரும் கேட்கிறீர்கள். தவணை என்பதாலேயே ஒரு வியாபாரம் ஹராமாகி விடாது. பரீரா (ரலி) அவர்கள் தமது விடுதலைக்காக ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா தருவதாக ஒப்பந்தம் செய்திருந்ததை புகாரியில் காண்கிறோம். ரொக்க விலையை விடத் தவணை விலை கூடுதலாக இருக்கலாம் என்று 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்தது. ஆனால் பேரம் முடியும்போதே விலை ஒரே தொகையாக முடிவாகி விட வேண்டும். தாமதத்திற்கு அபராதம் கூட்டக் கூடாது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக் கொண்டு கடைவீதிக்கு வாருங்கள். '0 சதவீத வட்டி' என்று பலகை தொங்குகிறது. ஃபிரிட்ஜ் விலை 24,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். முழுப் பணத்தையும் நீட்டினால் கடைக்காரர் 22,000க்குக் கொடுத்து விடுவார். தவணைக்காரருக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. மாதம் 2,000 வீதம் 12 தவணை. முதல் 4 தவணையை அன்றே கட்ட வேண்டும். ஆக, 8,000 கையை விட்டுப் போய்விட்டது. 22,000 ரூபாய்ப் பொருளுக்கு அவர் பட்ட கடன் 14,000 மட்டுமே. எட்டு மாதத்தில் திருப்பிக் கட்டுவதோ 16,000! கடன் மாதாமாதம் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. கந்துக்காரன் 'மூணு வட்டி' என்றால் முகம் சுளிக்கிறோம். இதற்கு மட்டும் சிரித்துக் கொண்டே கையெழுத்துப் போடுகிறோம்! பிராஸஸிங் கட்டணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இது நம் கற்பனை அல்ல. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, கட்டணம் என்ற பெயரில் வட்டி மறைக்கப்படுகிறது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது பைனான்ஸ் கம்பெனி. அந்தக் கம்பெனி ஃபிரிட்ஜை வாங்கி நமக்கு விற்கவில்லை. நமக்குக் கடன்தான் கொடுக்கிறது. ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாவிட்டால் கம்பெனி ஒரு கட்டணம், வங்கி ஒரு கட்டணம், அதன் மேல் அபராதம். இதற்கெல்லாம் சம்மதம் என்றுதான் அந்தப் பொடி எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

'அப்படியானால் ஏழை எப்போது ஃபிரிட்ஜ் வாங்குவது?' நியாயமான கேள்வி. மாதம் 2,000 கட்ட முடிந்தவர் அதையே 11 மாதம் சேர்த்தால் 22,000 ஆகிவிடும். ஆனால் தையல் மிஷின் வாங்கிப் பிழைக்க நினைக்கும் விதவைச் சகோதரியிடம் 11 மாதம் காத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்காக, வணிகச் சகோதரர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். நம்பிக்கையான நாலு பேருக்காவது உங்கள் சொந்தப் பொறுப்பில் தவணை கொடுங்கள். ரொக்க விலை, தவணை விலை இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பேசி முடித்ததைச் சாட்சியோடு எழுதிக் கொள்ளுங்கள். ஒரு மாதம் தவறினால் தொகையைக் கூட்டாதீர்கள். வசதி இருந்தும் இழுத்தடிப்பவரை ஜமாஅத்தில் வைத்துக் கேட்க நாங்கள் வருகிறோம்.

சந்தேகங்களைச் சீட்டில் எழுதித் தாருங்கள். இஷாவுக்குப் பிறகு பேசுவோம்.