விடுமுறிச் சீட்டும் விவாக விடுதலையும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், வக்கீலாகிய அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)

   

குடும்ப வழக்குகளைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது சட்டங்களின் தொகுப்பாக இருக்கலாம். யானோ, இம்மண்டபத்தில் நாமே செய்துவரும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேசத் துணிகின்றேன். பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக.

கணவனும் மனைவியும் மனம் வேறுபட்டு நிற்குங்கால் இருதிறத்து உறவினரும் இங்கே கூடுகின்றனர். சேர்த்துவைக்க முயன்று, இயலாவிடில் முத்திரைத்தாளில் விடுமுறிச் சீட்டு எழுதப்படுகின்றது. சீரும் நகையும் திருப்பப்படுகின்றன. தாலி கழற்றி வைக்கப்படுகின்றது. சாட்சிகள் ஒப்பமிட்டபின் சங்கத்தின் முத்திரையும் பதிக்கப்படுகின்றது. காரியம் முடிந்ததென்று யாவரும் வீடு திரும்புகின்றனர். முடியவில்லை, ஐயன்மீர்! சட்டத்தின் கண்ணில் அவ்விருவரும் அன்றிரவும் கணவனும் மனைவியுமே ஆவர்.

சில ஆண்டுகட்கு முன் நம் குலத்துப் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்தார். அவர்தம் துணிப்பையில் அத்தகைய சீட்டொன்று மடிப்பு நைந்து கிடந்தது. அதனை நம்பி அவர் மறுமணம் புரிந்து, பதினோராண்டு இல்லறம் நடத்தி, ஆண்மகவு ஒன்றும் பெற்றிருந்தார். இரண்டாம் கணவர் காலமானார். கருமாதி கழிந்த மறுவாரமே மைத்துனர்மார், "முதல் புருஷன் உயிரோடிருக்க நீ எங்கள் அண்ணனுக்கு எவ்வாறு மனைவியானாய்?" என்று வினவினர். கோர்ட்டிலும் அதே வினாதான். 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டப்படி, மணக்குங்கால் இருவரில் எவர்க்கும் உயிருடன் வேறு துணை இருத்தலாகாது; இருப்பின் அம்மணம் செல்லாது. யான் சீட்டை எடுத்து நீட்டினேன். "இப்படியொரு வழக்கம் உண்டென்று நிரூபியுங்கள்" என்றார் நீதிபதி.

இங்கே மூத்தவர் சிலர், நம்மவருள் தீர்த்துவிடும் வழக்கம் பாட்டன் காலத்திலிருந்து உண்டே என்று எண்ணுவர். அச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு வழக்கத்தின்படி நிகழும் விவாக விடுதலையைத் தள்ளிவிடவில்லை என்பது மெய்யே. ஆயினும், வழக்கம் உண்டென்று சொல்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். அது தொன்மையானது, இடையறாது வந்தது, இன்னதென்று வரையறுக்கத்தக்கது, நியாயத்திற்கு முரணாகாதது என்றெல்லாம் சாட்சியம் வேண்டும். பழைய தீர்வுகளைக் குறித்த பதிவேடு ஒன்றேனும் நம்மிடத்து உளதா? இல்லை. சாட்சி சொல்ல வந்த முதியவர், தம் ஆயுளில் இரண்டோ மூன்றோ பார்த்ததாகக் குறுக்கு விசாரணையில் கூறித் தடுமாறினார். முடிவில், அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவினால் மகனுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை கிட்டிற்று. அவ்வம்மையாருக்கு மனைவி என்னும் நிலை கிட்டவில்லை. சீட்டில் இருந்த முத்திரை நம் சங்கத்துடையது.

கோர்ட்டு வழி நமக்குப் புதிதுமன்று. சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து, விவாக விடுதலைக்கும் வழி செய்த சட்டம் 1949-லேயே வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் குடும்ப மானம் போகும் என்று நாம்தான் அஞ்சி நின்றோம்.

இருவரும் மனமொத்துப் பிரிவதாயின் வழி எளிது. 1976-இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுச் செய்யலாம். பின்னர் ஆறு மாதம் காத்திருத்தல் வேண்டும். தக்க சந்தர்ப்பங்களில் அதனையும் தள்ளலாமென்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இங்கே பெரியோர் பேசி முடித்த ஏற்பாடுகளையே அம்மனுவில் எழுதிக்கொள்ளலாமன்றோ? நம் மண்டபத்தில் செய்யும் சமரசம் வீண் என்று யான் சொல்லவில்லை. 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமே முதலில் சமரசத்திற்கு முயலுமாறு நீதிபதியைப் பணிக்கின்றது.

சீட்டுகளில் தவறாது காணும் வரியொன்று உண்டு: "ஜீவனாம்சம் கோரமாட்டேன்" என்பது. குழந்தைக்குரிய ஜீவனாம்சத்தைத் தாய் கையெழுத்திட்டுத் துறத்தல் இயலாது. அதனைப் பெற இப்போதுள்ள வழி, 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு; முன்னர் 125 என்று வழங்கியது அதுவே. மாதம் ஐந்நூறு ரூபாய் என்று முன்பிருந்த உச்சவரம்பு 2001-இல் நீங்கிற்று. இதனை அறியாதார் இன்னும் உளர். தான் வசிக்கும் ஊரிலேயே மனைவி மனுச் செய்யலாம். மனுச் செய்த நாள் முதலாகவே தொகை தரப்பட வேண்டுமென்றும், இருதரப்பாரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணத்தில் வெளியிட வேண்டுமென்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. ஒன்று கவனிக்க: பாக்கித் தொகையை வாரண்டு மூலம் வசூலிக்க, அது செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். "பாவம், தருவார்" என்று காத்திருந்து அதனை இழந்தவர் பலர்.

அடிபட்டு வந்த பெண்ணை இங்கே அமர்த்திச் சமாதானம் பேசுவதை மட்டும் அறவே விடுங்கள் என்று வேண்டுகின்றேன். அவளுக்கு 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. வீடு கணவன் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருப்பினும், கூடி வாழ்ந்த அவ்வீட்டில் வசிக்கும் உரிமையை அச்சட்டம் அவளுக்கு அளிக்கின்றது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அதிகாரி உளர்.

"வக்கீலுக்குப் பணம்?" என்று தாய்மார்கள் கேட்பது எனக்குத் தெரிகின்றது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, ஸ்திரீகளுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் விலக்கில்லை, ஏனெனில் வீடு செல்வமுடையதாயினும் அவள் கையில் காசிராது. வருமான வரம்புக்குட்பட்ட ஆடவர்க்கும் உண்டு. மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலேயே அவ்வாணைக்குழு இயங்குகின்றது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். என் தொழிலுக்கு இது நட்டம் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். இருக்கட்டும்.

சங்கத்தின் முத்திரை காரியதரிசி அவர்களின் மேசை இழுப்பறையில் உள்ளது. இனி அதனை எந்த விடுமுறிச் சீட்டிலும் இடுவதில்லை என்றும், பிரிய நேர்ந்த தம்பதிகளை நம் அங்கத்தினர் ஒருவர் உடன்சென்று ஆணைக்குழுவில் சேர்ப்பிக்க வேண்டுமென்றும் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் கொணர எண்ணியுள்ளேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்; இன்று கூட்டம் கலையுமுன் என்னிடம் பெயர் கொடுத்தால் உபகாரமாயிருக்கும்.