"இவனை எங்கே காட்டுறது, டீச்சர்?"

திருவரங்கத்தில் என் வகுப்பு மாணவனின் தாய் இப்படிக் கேட்டபோது, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்றேன். எந்த நாள், எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. காவிரிப் பாலம் தாண்டி அலைந்து, ஒருநாள் கூலியை இழந்து திரும்பினார். தவறு என்னுடையது.

வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம் நான்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். மருத்துவ மதிப்பீட்டு முகாம் பற்றி அவரிடமே தெரிந்துகொண்டேன். தேதி, இடம், கொண்டுபோக வேண்டிய தாள்கள் எல்லாம் எழுதிக் கொடுத்து, கூடவே போனேன்.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் கையில் இருந்தால், பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளோருக்கு 'நிராமயா' மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு.

பிள்ளைக்கு 18 வயதானால்? 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். அந்தத் தாய் இதைத்தான் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.