பொம்மைப் படையும் ஃபேரர் பார்க் திடலும்



ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் ஃபேரர் பார்க் திடல் வந்துவிடும். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த இடம். பிறகு பல தலைமுறைச் சிங்கப்பூரர்கள் பந்து உதைத்த இடம். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, பிரிட்டிஷார் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் அங்கே கூட்டப்பட்டார்கள். வெள்ளைக்கார வீரர்களைச் சாங்கிக்கு அனுப்பிவிட்டு, இவர்களை மட்டும் தனியாகப் பிரித்து ஜப்பானிய மேஜர் ஃபூஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். அவர் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். அன்று காலை வரை பிரிட்டிஷ் மன்னரின் சிப்பாய்கள். அதற்குமேல் யாருடைய சிப்பாய் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த முடிவை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவர முடியுமா? கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் 1942ஆம் ஆண்டு மலாயாப் போரை மேசை மேல் விரித்து விளையாடும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வேடிக்கைக் கேள்வி அல்ல.

ஆங்கிலத்தில் மினியேச்சர் வார்கேமிங் என்பார்கள். நாம் பொம்மைப் போர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறடிக்கு நாலடி மேசை. அதன்மேல் பச்சைத் துணி, நுரை அட்டையில் செதுக்கிய குன்று, பஞ்சில் செய்த ரப்பர் மரம், அட்டை வீடு. சுண்டுவிரல் உயரத்தில் வீரர்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டாருக்கு இது உடனே புரியும். படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டில் குளம் அமைத்துப் பூங்கா போடுவார்களே, அதே கைவேலைதான். ஒரே வித்தியாசம், கொலுவில் பொம்மைகள் ஒன்பது நாளும் வைத்த இடத்தில் இருக்கும். இங்கே நகரும்.

எப்படி நகரும்? அளவு நாடாவால் அளந்து. 2012இல் வெளிவந்த போல்ட் ஆக்‌ஷன் என்ற விதிமுறையைப் பாருங்கள். காலாட்படை நிதானமாக முன்னேறினால் ஆறு அங்குலம், ஓடினால் பன்னிரண்டு. துப்பாக்கி எட்டும் தூரம் இருபத்து நான்கு அங்குலம். இரு தரப்புப் பகடைகளையும் ஒரே பைக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். யாருடைய நிறம் வருகிறதோ அவர் ஒரு குழுவுக்குக் கட்டளை கொடுக்கலாம். தாயக் கட்டையை உருட்டிவிட்டுத் தலையில் கை வைத்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. சுடப்பட்ட குழுவில் ஆள் சாகாவிட்டாலும் பக்கத்தில் ஓர் அடையாள வில்லை வைப்பார்கள். வில்லைகள் சேரச் சேர அந்தக் குழு சொன்ன சொல் கேட்காது. தலையைத் தூக்கவே பயப்படும். போரில் முதலில் தீர்ந்துபோவது தோட்டாவா, தைரியமா என்பதை இந்தச் சின்ன வில்லை சொல்லிவிடுகிறது.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகையில் வைத்த சதுரங்கம் நம் பக்கத்துப் பொருள். ஆடுபுலி ஆட்டம் அதைவிட நெருக்கமானது. மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு தரப்பும் சமமல்ல, நோக்கமும் ஒன்றல்ல. புலி கொன்றால் வெற்றி, ஆடு வழியை அடைத்தால் வெற்றி. இன்றைய பொம்மைப் போர் விதிகளின் உயிர்நாடியும் இதுதான். இரு தரப்புக்கும் ஒரே எண்ணிக்கையில் படை கொடுக்கும் சதுரங்கத்தைவிட, நம் திண்ணைகளில் கரிக்கோடு போட்டு ஆடிய ஆட்டம் போரின் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஐரோப்பாவில் இதற்கு ராணுவ வடிவம் கொடுத்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தார். தந்தை 1812இல் மன்னருக்குக் காட்டினார். மகன், லெப்டினன்ட், அதைத் திருத்தி 1824இல் ராணுவத்துக்குக் கொடுத்தார். வரைபடம், கட்டைகள், பகடை, நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்கு மட்டுமே தெரியும். பிறகு எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் லிட்டில் வார்ஸ் என்ற புத்தகம் எழுதி, பொம்மை பீரங்கியால் தரையில் சுட்டு விளையாடும் விதிகளை வகுத்தார். பெரிய போரைவிடச் சின்னப் போர் மேல் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய நூல் இந்தப் பொழுதுபோக்கைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்தது. அவர் இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். உண்மைப் போரைப் பார்த்துவிட்டு வந்தவர் பொம்மைப் போருக்கு விதி எழுதியிருக்கிறார், கவனியுங்கள்.

"இந்த வயதில் பொம்மையா?" வீட்டில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தேசிய சேவை முடித்து, ரிசர்விஸ்ட் பயிற்சிக்கும் போய்வந்து, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டும் ஆண்பிள்ளை, ராத்திரி மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு அங்குலச் சிப்பாயின் தலைப்பாகைக்கு மூன்று விதக் காக்கி தீட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? ஆனால் அந்தத் தலைப்பாகையைத் தீட்ட அவர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்த நிறம் என்று தேடவேண்டும். தேடும்போது பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிப் போனவை எல்லாம் கண்ணில் படும்.

1941 டிசம்பர் 8இல் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியரை முதலில் எதிர்கொண்டவர்களில் டோக்ரா சிப்பாய்கள் இருந்தார்கள். பஞ்சாபியர், கூர்க்காக்கள், கடுவாலிகள், சீக்கியர், பலூச், ஹைதராபாத் படையினர் என்று மலாயா முழுவதும் நின்றவர்களில் பெரும் பங்கு இந்திய ராணுவம். 1942 ஜனவரி 7 விடியற்காலையில் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே புகுந்தன. எதிரே நின்றவர்களிடம் டாங்கியே கிடையாது. வாரக்கணக்கில் பின்வாங்கித் தூக்கம் கெட்டவர்கள். ஒரே காலைப் பொழுதில் இரண்டு இந்தியப் படையணிகள் சிதறிப்போயின.

இதை நான்கு நண்பர்கள் விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானியர் பக்கம் இரண்டு பேர், இந்தியப் படையணி பக்கம் ஒருவர், நடுவர் ஒருவர். டாங்கியை நிறுத்தினால்தான் வெற்றி என்று விதி வைத்தால் ஒருவர் மூன்று மணி நேரம் சும்மா அடிவாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நல்ல நடுவர் அப்படி வைக்கமாட்டார். "பாலத்தை எட்டாவது சுற்று வரை காப்பாற்று, முடிந்தவரை ஆட்களைக் காட்டுக்குள் தப்பவிடு" என்று ஆட்டுக்கு ஒரு கணக்கு, புலிக்கு ஒரு கணக்கு கொடுப்பார். அப்போது தோற்ற தரப்பின் நாற்காலி சுவாரஸ்யமாகிவிடுகிறது. அடுத்த வாரம் இடம் மாறி உட்காருவார்கள். போன வாரம் "ஏன் இப்படி முட்டாள்தனமாகப் பின்வாங்குகிறாய்?" என்று கேட்டவர், இந்த வாரம் தானே பின்வாங்குவார். சிரிப்புக்குக் குறைவிருக்காது.

சிங்கப்பூர் வீழ்ச்சியையே எடுத்துக்கொண்டால், தீவில் இருந்த பிரிட்டிஷ் தரப்பினர் சுமார் 85,000. தாக்கிய யமஷிதாவின் படை அதில் பாதிக்கும் குறைவு. அவரிடம் வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. தாம் துணிந்து மிரட்டிப் பார்த்ததாகவும் அது பலித்ததாகவும் பிற்பாடு அவரே சொன்னார். மேசையில் இரு தரப்பையும் மேலிருந்து பார்க்கும் நமக்கு "இன்னும் இரண்டு நாள் தாங்கியிருக்கலாமே" என்று தோன்றும். ஃபோர்ட் கேனிங் குன்றின் சுரங்க அறையில் பெர்சிவலுக்கு அது தெரியாது. தண்ணீர் தட்டுப்பாடு, நகருக்குள் அடைபட்ட மக்கள், இவைதாம் அவருக்குத் தெரிந்தவை. வடக்கிலிருந்து தாக்குதல் வரக்கூடும் என்று 1937இலேயே ஆய்வு செய்து எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்பது கசப்பான செய்தி. முன்கூட்டியே கணக்குப் போட்டவருக்கே அந்தக் கணக்கு உதவவில்லை.

எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவந்த விதிப்புத்தகம், பிப்ரவரி 15ஆம் தேதி மாலையோடு நின்றுவிடுகிறது. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் கையெழுத்து, ஆட்டம் முடிந்தது, பொம்மைகள் பெட்டிக்குள். நம் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. ஃபேரர் பார்க்கில் சிலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சிலர் உண்ட உப்புக்குத் துரோகம் இல்லை என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் நியூ கினி போன்ற இடங்களுக்கு வேலையாட்களாகக் கப்பலேற்றப்பட்டு, திரும்பாமலே போனார்கள். சேர்ந்தவர் கோழையும் அல்ல, மறுத்தவர் அடிமையும் அல்ல. இதற்கு எத்தனை பகடை உருட்டுவது? மனவுறுதிச் சோதனையில் ஆறு விழுந்தால் மோகன் சிங் பக்கம் என்று எழுதினால் அதைவிட அபத்தம் வேறில்லை.

தமிழர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 1943 அக்டோபர் 22இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறந்தது. தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரம். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி தலைமையில், ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பலர் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களையாவது பொம்மையாக வார்த்து மேசையில் நிறுத்தலாம். சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுக் காலராவிலும் பசியிலும் மாண்ட பல்லாயிரம் தமிழர்களை எந்தப் பெட்டியில் தேடுவது? அவர்கள் எந்தப் படையிலும் இல்லை. சீருடை இல்லாததால் பொம்மையும் இல்லை. பிப்ரவரி 18 முதல் சூக் சிங் படுகொலையில் கொல்லப்பட்ட சீனர்களும் அப்படியே. இவற்றை விளையாடக் கூடாது என்று நண்பர்கள் தங்களுக்குள் வரம்பு போட்டுக்கொள்வதுதான் நாகரிகம். மேசைக்கு வெளியே என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு ஆடுகிறவர்களுக்கும், தெரியாமல் ஆடுகிறவர்களுக்கும் ஆட்டத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி பொம்மைகள் விலை கூடுதல். அட்டையை வெட்டி எண் எழுதி வைத்தே முதல் ஆறு மாதம் ஆடலாம். பகடை, அளவு நாடா, பொறுமைசாலியான ஒரு நடுவர், தேத்தாரிக் வாங்கிவர ஓர் ஆள், இவை போதும். மலாயாப் போரில் தொடங்குங்கள். ஆடுவதற்கு முன் ஒருமுறை கிராஞ்சி நினைவிடத்துக்குப் போய் வாருங்கள். அங்கே சுவர்களில் உள்ள 24,000க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் பெயர்களைத் தேட வேண்டியதில்லை. அவை தாமாகவே கண்ணில் படும்.

ஃபேரர் பார்க் திடலிருக்கும் வட்டாரத்தில் சுமார் 1,600 வீடுகள் கட்டும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. பொம்மைப் போர்க்காரர்கள் மேசையில் அந்தத் திடலை அமைக்க வேண்டுமென்றால் குன்று வேண்டாம், மரம் வேண்டாம், பகடையும் வேண்டாம். பச்சைத் துணி ஒன்றை விரித்து, கையிலிருக்கும் இந்தியச் சிப்பாய்களை எல்லாம் அதன்மேல் நிற்க வைத்தால் சரி.