சொல்லத் தயங்கும் ஒரு நோய்



உடல்நூல் வகுப்பில் கண்ணையும் காதையும் இதயத்தையும் படம் வரைந்து விளக்கும் ஆசிரியர், இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றிய பாடம் வந்தவுடன், "இதனை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிக் கடந்துவிடுவது நம் பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். அவ்வாறு கடந்துவிட்ட பக்கங்களுக்கு உரிய நோய் ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகிறேன். மாணவர்களும் மாணவியரும் ஒருங்கே கேட்க வேண்டிய செய்தி இது.

லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்பது அந்நோயின் பெயர். 1887ஆம் ஆண்டில் அல்லோப்போ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதனை விவரித்தார். பெண்களின் பிறப்புறுப்பைச் சூழ்ந்த வெளித்தோலிலேயே இது பெரும்பாலும் தோன்றும், ஆண்களுக்கும் வருவதுண்டு. இரவில் அரிப்பு மிகும். தோல் வெளுத்து, மெலிந்து, கசங்கிய தாள்போல் ஆகும். சிறு வெடிப்புகள் காணும். கவனியாது விட்டால் தழும்பு படிந்து உறுப்பின் வடிவமே மாறிவிடும். சிறுமியரையும் மாதவிடாய் நின்ற பெண்டிரையும் மிகுதியாகப் பற்றினும், கருவுறும் வயதினரையும் இது விடுவதில்லை. இது தொற்றுநோய் அன்று. ஒழுக்கக் கேட்டினால் வருவதும் அன்று. தூய்மைக் குறைவினால் வருவதும் அன்று. உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே தன் தோலைப் பகையாகக் கருதித் தாக்குவதால் விளைவது என்பது அறிஞர் பலரின் கருத்து.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் ஓசூர். சுற்றிலும் உள்ள தொழிற்சாலைகளில் வெளியூர்ப் பெண்கள் பலர் விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர். அவர்களுள் ஒருத்திக்கு இந்நோய் வந்ததாகக் கொள்வோம். திருமணமும் நிச்சயமாகியிருக்கிறது. தாயோ தொலைவில், உடன் தங்கியிருப்பவர்களிடம் சொல்ல நாணம். மருந்துக் கடைக்குச் சென்று, "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்பாள். பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த ஏதோ ஒன்று கிடைக்கும். நோய் இன்னதென்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பூஞ்சை நோயாயின் ஸ்டீராய்டு அதனை வளர்த்துவிடும். இந்நோயாயின் அளவும் காலமும் அறியாத பூச்சு பயன் தராது. 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் இந்திய அரசு விதித்தது இதனாலேயே.

இத்தயக்கம் புதிதன்று. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட இசையாமல் மாண்ட பெண்களின் நிலைகண்டு வருந்திய மேரி ஷார்லீப் அம்மையார், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். 1885இல் கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்றையும் சென்னையில் நிறுவினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா மருத்துவமனையாக விளங்குவது அதுவே. அக்காலத் திரைச்சீலை போய்விட்டது. நாவின் திரை மட்டும் போகவில்லை.

இனி மருத்துவத்திற்கு வருவோம். முதன்மையான மருந்து பழையதே: கிளோபெட்டசால் போன்ற வலிய ஸ்டீராய்டுக் களிம்பு. முதல் மாதம் நாள்தோறும் இரவில், அடுத்த மாதம் ஒன்றுவிட்ட இரவில், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை என மருத்துவர் வகுத்துத் தருவது வழக்கம். உறையிலுள்ள தாள், "தோல் மெலியும்" என்று அச்சுறுத்தும். அதனைப் படித்து அஞ்சி மருந்தை நிறுத்துவோர் பலர்; நோயே தோலை மெலிவிக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. சிட்னி நகரில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு மருத்துவத்தை ஒழுங்காகக் கைக்கொண்ட 357 பேருள் ஒருவருக்கும் புற்றுநோயோ அதன் முன்னிலையோ வரவில்லை. ஒழுங்கு தவறிய 150 பேருள் 7 பேருக்கு வந்தது.

களிம்புக்கு ஓய்வில்லை என்று சலித்தவளுக்குப் புதுமுறைகள் கவர்ச்சியாகத் தோன்றும். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே எல்லாம் கிடைக்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. லேசர் கதிர் பாய்ச்சுவது ஒன்று. தன் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைத் திரட்டித் தோலில் செலுத்துவது மற்றொன்று. தட்டணு முறையைப் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இலும், லேசரைப் போலி லேசரோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இலும் வெளிவந்தன. இரண்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. லேசரால் நன்மை கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆகவே முடிந்த முடிபாக எதையும் கூற இயலாது. இத்தகைய நிலையில் பெரும்பொருள் செலவிடுமுன், "போலி முறையோடு ஒப்பிட்டீர்களா?" என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நல்ல மாணவன் கேட்கும் கேள்வி அதுதான்.

குழந்தைப்பேற்றை விரும்பும் பெண், மருந்தைத் தானே நிறுத்திவிடாமலும் தானே மாற்றிவிடாமலும், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். எளிதில் அடங்காத நோய்க்கு மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெடின் ஆகிய உள்மருந்துகளைச் சில வேளை தருவர். இரண்டும் கருவைச் சிதைக்கவோ ஊனமாக்கவோ வல்லவை. மெத்தோட்ரெக்சேட்டைச் சில மாதங்களுக்கு முன்பே விடவேண்டும். அசிட்ரெடினை நிறுத்தியபின் 3 ஆண்டுகள் கருத்தரிக்கலாகாது. இருபது வயதில் விழுங்கிய மாத்திரைக்கும் இருபத்திரண்டு வயதில் உருவாகும் கருவுக்கும் தொடர்பு உண்டென்று யார் நினைப்பார்? களிம்போ அவ்வாறன்று. கருப்பக் காலம் முழுவதும் 300 கிராமுக்கு மேல் வலிய ஸ்டீராய்டு பூசியபோதே குழந்தையின் எடை குறையும் தொடர்பு ஆய்வுகளில் தென்பட்டது. இந்நோய்க்கு மூன்று மாதத்துக்கு 30 கிராம் குழல் ஒன்று போதும்.

பெரும்பாலோருக்கு இயல்பான மகப்பேறு கைகூடும். தழும்பு மிகுந்து வழி சுருங்கியிருந்தால் மட்டும் மகப்பேற்று மருத்துவர் முன்னரே பார்த்து ஏற்பாடு செய்வார். 2022 முதல் கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சீட்டு எழுதுமிடத்தில் நோயின் பெயர் சொல்ல வேண்டுவதில்லை; "தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பெண் மருத்துவராயின் நலம்" என்றால் போதும். குழந்தை பிறந்து நோய் அடங்கியிருப்பினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தோலைக் காட்டிவருதல் வேண்டும். ஆறாத புண்ணோ தடிப்போ கண்டால் உடனே செல்ல வேண்டும்.